ஐந்து வயதுப் பையனை சீஃப்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. தாத்தாவோடு டிவி பார்த்துப் பார்த்து, ஜோகன்னஸ்பர்க்கின் கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணிமேல் பைத்தியமாகிவிட்டான். சீஃப்ஸ் அணி இங்குள்ள அமாசூலு அணியோடு ஆட டர்பனுக்கு வரும்போது மோசஸ் மபீடா ஸ்டேடியத்துக்கு அவனைக் கூட்டிப் போக வேண்டும் என்று என் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். “உன்னை 6 வயதில் மேனிங் ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனேனே, உனக்கு என்ன ஆகிவிட்டது?” என்கிறார். எனக்கோ கூட்டத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எந்த வயதில் கூட்டிப் போகலாம்? சீஃப்ஸ் ஜெர்சியோடு போனால் வம்பு வருமா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

குழந்தைகள் மருத்துவரின் பதில்:

உங்கள் அப்பாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. நம் தென்னாப்பிரிக்காவின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய 1996-97 பருவத்திலேயே கார்டன் இகேசண்டின் பயிற்சியில் மேனிங் ரேஞ்சர்ஸ் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. நம் சாட்ஸ்வொர்த் அணி! அதைக் கண்ணால் பார்த்த மனிதரிடம் போய் பேரனுக்குப் பந்தாட்டம் வேண்டாம் என்றால் எடுபடுமா? ஆனால் ஒன்றை அவருக்கு நினைவுபடுத்துங்கள். ரேஞ்சர்ஸ் ஆடியது வீட்டுப் பக்கத்து மைதானத்தில். பிள்ளை சிணுங்கினால் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடலாம். மோசஸ் மபீடா 50,000 பேருக்கு மேல் கொள்ளும் இடம். சீஃப்ஸ் வருகிறது என்றால் அந்தப் பக்கத்துத் தெருவெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக மாறிவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5 வயதில் ஸ்டேடியத்துக்குப் போகலாம், ஆனால் அந்த ஆட்டத்துக்கு வேண்டாம். சீஃப்ஸோ, அதன் பரம எதிரியான ஆர்லாண்டோ பைரட்ஸோ வந்து ஆடும் ஆட்டம் என்றால் 8 வயது ஆகட்டும். ஜோகன்னஸ்பர்க்குக்குப் போய் இந்த இரண்டு அணியும் மோதும் சொவேட்டோ டெர்பி பார்ப்பதென்றால் 12. இது சட்டப் புத்தகத்தில் உள்ள கணக்கில்லை, என் அனுபவத்தில் போட்ட கணக்கு.

கூட்டத்தைவிட எனக்கு முதலில் கவலை தருவது காது. 2010 உலகக் கோப்பை சமயத்தில் நம் நாட்டு ஆய்வாளர்கள், ரசிகர்கள் ஊதும் வுவுசேலா என்ற பிளாஸ்டிக் குழலின் சத்தத்தை அளந்து பார்த்தார்கள். குழலின் வாய்க்கு நேராக 131 டெசிபல், இரண்டு மீட்டர் தள்ளி 113. தொழிற்சாலையில் 85 டெசிபலைத் தாண்டினாலே காதுக் கவசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் போல ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு. அதனால் 85இல் 8 மணி நேரம் தாங்கும் காது, 100இல் கால் மணி நேரம்தான் தாங்கும். பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் குழல் நம் தலைக்கு மேலே போகும். குழந்தையின் காதுக்கு நேராக வரும்.

இது எனக்குப் படித்து வந்த ஞானம் இல்லை. என் மகளை 4 வயதில் ஒரு இரவு ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் பத்து நிமிடம் கைதட்டினாள். பிறகு பின்னால் இருந்த ஒருவர் குழலை எடுத்து ஊதினார். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, என் சட்டைக்குள் தலையை விட்டு, அப்படியே உறைந்து போனாள். இடைவேளைக்கு முன்பே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் காலையில், “அப்பா, காதுக்குள்ளே வண்டு கத்துது” என்றாள். காவடி மேளத்துக்குப் பழகிய பிள்ளைதானே என்று நான் போட்ட கணக்கு தப்பு. கோயிலில் மேளம் நகர்ந்து போகும், நாமும் நகர்ந்து கொள்ளலாம். ஸ்டேடியத்தில் இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலி.

அதனால், எந்த ஆட்டமாக இருந்தாலும் காதை முழுக்க மூடும் குழந்தைக் கவசம் ஒன்று வாங்குங்கள். ஹெட்ஃபோன் மாதிரி இருக்கும், சத்தத்தை 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். காதுக்குள் செருகும் பஞ்சுக் குமிழ் 5 வயதுக்கு வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான். வாங்கிய பிறகு வீட்டில் ஒரு முழு ஆட்டம் டிவியில் ஓடும்போது மாட்டிப் பழக்குங்கள். பத்து நிமிடத்தில் கழற்றி எறிகிற பிள்ளை இன்னும் தயாராகவில்லை.

அடுத்தது கூட்டம். 2001 ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் ஸ்டேடியத்தில் சீஃப்ஸ்-பைரட்ஸ் ஆட்டத்தில் நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே நிரம்பிய ஸ்டேடியத்துக்குள் வெளியே நின்ற கூட்டமும் முண்டியடித்ததால் வந்த வினை. அதற்குப் பிறகு 2010இல் விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இருந்தும், 2018 ஏப்ரலில் மோசஸ் மபீடாவிலேயே நெட்பேங்க் கோப்பை அரையிறுதியில் ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் சீஃப்ஸ் தோற்றதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது ஆட்டம் பாட்டும் கூத்துமாக முடிகிறது. ஆனால் ஸ்டேடியம் நிரம்பும் ஆட்டம், கோப்பை அரையிறுதி, இறுதி ஆட்டம் இவற்றில் பெரியவரே தள்ளாடும்போது 5 வயதுப் பிள்ளையின் தலை மற்றவர்கள் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும்.

சரி, எங்கே தொடங்கலாம்? முதலில் ஒரு சனிக்கிழமை உங்கள் பக்கத்திலேயே ஏதாவது லீக் ஆட்டத்துக்கு, புல்லில் பாய் விரித்து உட்காருகிற மாதிரி இடத்துக்குக் கூட்டிப் போங்கள். 90 நிமிடத்தில் எத்தனை நிமிடம் பந்தைப் பார்க்கிறான், எத்தனை நிமிடம் சிப்ஸைப் பார்க்கிறான் என்று தெரிந்துவிடும். அப்புறம் அமாசூலுவோ நம் ஊரின் இன்னொரு அணியான கோல்டன் அரோஸோ பெரிய பெயரில்லாத அணியோடு ஆடும் பகல் ஆட்டம். பிற்பகல் 3 மணி ஆட்டமாகப் பாருங்கள். வாரநாள் இரவு 7:30 ஆட்டம் முடிந்து வீடு சேர மணி பத்தரை ஆகிவிடும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் தூங்குவான். ஸ்டேடியத்தில் கூட்டமே இல்லை என்று தாத்தா முகம் சுளிக்கலாம். நமக்கு வேண்டியதே அதுதான்.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், பிள்ளைக்கும் டிக்கெட் வேண்டுமா என்று அப்போதே கேளுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பிடியுங்கள், நினைத்தபோது எழுந்து வரலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் வேண்டாம். நின்றுகொண்டே ஆடிப் பாடுகிற கூட்டம் அங்கேதான் சேரும், பையனுக்கு முதுகுகள்தான் தெரியும். மேல் தளத்தின் முன்வரிசையும் வேண்டாம், கம்பியில் ஏறுவான். ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். கழிப்பறைக்கு இடைவேளையில் போனால் 15 நிமிடமும் வரிசையிலேயே போய்விடும், 40ஆவது நிமிடத்திலேயே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். உங்கள் ஃபோன் நம்பரை அவன் முன்கையில் பேனாவால் எழுதி வையுங்கள். காணாமல் போனால் தாத்தா பெயரை “தாத்தா” என்றுதான் சொல்வான்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்திருக்காதீர்கள். கடைசி விசில் அடித்ததும் கதவுப் பக்கம் கூட்டம் பாயும். இருபது நிமிடம் உட்கார்ந்து இருக்கிற பிஸ்கட்டை எல்லாம் தின்று தீருங்கள். தோளில் தூக்குகிற விஷயத்தில் மட்டும் தாத்தா விட்டுக்கொடுக்க வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போது தோளில் பிள்ளை இருந்தால் அவருக்குத் தன் கால் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.

ஜெர்சிக்கு வருகிறேன். தாராளமாகப் போடட்டும். நம் ஊரில் எதிரணி ரசிகர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு பார்ப்பது சகஜம். அமாசூலுவின் பச்சைக்கு நடுவே ஒரு குட்டி மஞ்சள் சட்டையைப் பார்த்தால் நாலு பேர் கன்னத்தைக் கிள்ளுவார்கள், அவ்வளவுதான். மே, ஆகஸ்ட் மாதக் குளிரில் போவதாக இருந்தால் ஜாக்கெட்டை முதலில் மாட்டி அதற்கு மேலே ஜெர்சியைப் போட்டுவிடுங்கள். ஒரு சைஸ் பெரியதாக வாங்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் பல் கிட்டித்தாலும் ஜெர்சியை மறைக்க விடமாட்டான்.