நாக்ஸ்வில்லின் 57 வெற்றிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி பேஸ்பால் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மகன் டென்னசி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில்தான் எனக்கு இந்த ஆட்டம் பழக்கமானது. ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. 2022-இல் டென்னசி 57 ஆட்டங்களில் வென்று ஒன்பதில் மட்டுமே தோற்றது. எஸ்இசி என்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸில் (அணிகளின் கூட்டமைப்பு) சீசன் முழுவதற்குமான பட்டமும், முடிவில் ஹூவரில் நடந்த கான்ஃபரன்ஸ் குறுந்தொடரும் அதற்கே கிடைத்தன. ஆனால் தேசியத் தொடரின் இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்கே அது போகவில்லை. கோப்பையைத் தூக்கியது ஓல் மிஸ் என்ற மிசிசிப்பி பல்கலைக்கழக அணி! அதே எஸ்இசியில் 14 வெற்றி, 16 தோல்வி கண்ட அணி. மாதக்கணக்கான உழைப்பை ஒரே வாரக் கடைசியில் துடைத்தெறிவார்கள் என்றால், கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கு என்னதான் மதிப்பு? கோப்பை குருட்டு அதிர்ஷ்டத்துக்குத்தானா?

ரா., நாக்ஸ்வில்

அன்புள்ள ரா.,

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் இந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியதை விட்டுவிட்டீர்கள். அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது ஓல் மிஸ். டென்னசி அவர்களுடைய ஊரான ஆக்ஸ்ஃபர்டுக்கே போய் 12-1, 10-3, 4-3 என்று மூன்று ஆட்டங்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. எஸ்இசியில் பத்து வாரங்கள் இப்படித்தான் போகும். வாரம் ஒரு எதிரணி, அதனுடன் மூன்று ஆட்டங்கள், ஆகமொத்தம் முப்பது. அதில் 25 ஆட்டங்களைத் தற்செயலாக யாரும் வெல்ல முடியாது. என்னைக் கேட்டால் ஒமாஹா கோப்பையைவிடக் கடினமானது அந்தப் பட்டம்தான். அதை டென்னசியிடமிருந்து யாரும் பிடுங்கிவிடவில்லை.

அதிர்ஷ்டம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. மார்ச்சில் நீங்கள் துவைத்துக் காயப்போட்ட ஓல் மிஸ்ஸும் ஜூனில் வென்ற ஓல் மிஸ்ஸும் பெயரளவில்தான் ஒன்று. கான்ஃபரன்ஸில் 7 வெற்றி, 14 தோல்வி என்று அது பாதாளத்தில் கிடந்தது. பயிற்சியாளர் மைக் பியான்கோ சீசனின் நடுவிலேயே பந்துவீச்சு வரிசையை மாற்றியமைத்திருந்தார். இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த டிலன் டிலூசியாவும் முதலாண்டு மாணவரான ஹண்டர் எலியட்டும் ஆட்டங்களை முதல் பந்திலிருந்து தொடங்கி வைக்கும் பந்துவீச்சாளர்கள் ஆனார்கள். கான்ஃபரன்ஸின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழு வெற்றி. அப்படியும் ஹூவரில் வேண்டர்பில்ட்டிடம் 3-1 என்று முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்பினார்கள். தேசியத் தொடருக்கான 64 அணிகளில் கடைசி இடம்தான் கிடைத்தது.

புள்ளிப்பட்டியல் பிப்ரவரியில் வீசிய கைகளையும் மே மாதம் வீசிய கைகளையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடுகிறது. தேசியத் தொடரிலோ ஜூனில் யார் வீசுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஓர் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் (பந்துவீச்சாளர்) மீண்டும் வீச ஏறக்குறைய ஒரு வாரம் ஓய்வு வேண்டும். பத்து வார ஓட்டத்தில் பிட்சர்கள் அதிகமுள்ள அணி மற்றவர்களைக் களைப்படையச் செய்தே முந்திவிடும். மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற சுற்றிலோ, இரண்டு நல்ல கைகள் இருந்தாலே காரியம் முடிந்துவிடும். ஒமாஹாவுக்கு முந்தைய அத்தகைய சுற்றில், ஹாட்டிஸ்பர்க்கில் டிலூசியாவும் எலியட்டும் தொடங்கிய இரண்டு ஆட்டங்களிலும் எதிரணியான சதர்ன் மிஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை: 10-0, 5-0.

ஒமாஹாவில் ஓல் மிஸ் ஆர்கன்ஸாவுடன் ஆடிய ஜூன் 23 ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் முழுவதும் பாருங்கள். முந்தைய நாள்தான் ஆர்கன்ஸா ஓல் மிஸ்ஸை 3-2 என்று வீழ்த்தியிருந்தது. தோற்பவர் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். டிலூசியா ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசினார். 113 பந்துகள், நான்கு ஹிட், ஒரு வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் தளம்) கூட இல்லை. ஆர்கன்ஸாவின் கானர் நோலண்டும் அன்று சளைத்தவரில்லை, எட்டு இன்னிங்ஸில் இரண்டே ரன்தான் கொடுத்தார். அந்த இரண்டு ரன் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஓக்லஹோமாவுடன் நடந்த இறுதிச் சுற்று கிட்டத்தட்ட ஒரு சடங்குதான்.

ஒமாஹாவுக்கு முந்தைய சுற்றில் உங்களை வீழ்த்திய நோட்ரடாமும் சாமானிய அணி அல்ல. முதல் ஆட்டத்தில் உங்கள் ட்ரூ கில்பர்ட் நடுவரிடம் வாயைக் கொடுத்து வெளியேற்றப்பட்டதையும் கணக்கில் சேருங்கள், அவர் அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும், ஏழாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் வாங்கி 7-3 என்று தோற்றீர்கள். ஒரு சீசனையே திருப்பிப்போட்ட சில நிமிடங்கள் அவை, மறுக்கவில்லை.

உண்மையில் என் அனுதாபமெல்லாம் சின்ன கான்ஃபரன்ஸ்களுக்குத்தான். எஸ்இசியில் பட்டத்தைத் தவறவிட்டாலும் தேசியத் தொடருக்குக் கதவு திறந்திருக்கும். 14-16 அணியே உள்ளே போய்விட்டதே! சின்ன கான்ஃபரன்ஸ்களில் பெரும்பாலும் ஓர் அணிக்குத்தான் இடம், அதுவும் கடைசியில் நடக்கும் குறுந்தொடரை வெல்பவருக்கு. மூன்று மாதம் முதலிடத்தில் இருந்துவிட்டு அந்த வாரம் சறுக்கினால் பேட்டைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 2008-இல் அத்தகைய தொடரை வென்றுதான் உள்ளே வந்தது. 31 தோல்விகளுடன், தன் பிரிவின் நான்கு அணிகளில் நான்காவதாக மதிப்பிடப்பட்டு, சாம்பியன் ஆனது. கோஸ்டல் கரோலைனா 2016 ஜூன் 30 அன்று கோப்பையை வென்றபோது பிக் சவுத் கான்ஃபரன்ஸில் இருந்தது. மறுநாளே சன் பெல்ட்டுக்கு மாறிவிட்டது!

டென்னசிக்கும் 2024-இல் கோப்பை வந்துவிட்டது. தேசிய வரிசையில் முதலிடம் பெற்ற அணி ஒமாஹாவில் வென்றது 1999-இல் மயாமி வென்ற பிறகு அதுவே முதல் முறை. எஸ்இசி பட்டத்தை அந்த அணி கென்டக்கியுடன் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டில் எது சிறந்த டென்னசி என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். என் ஓட்டு 2022-க்கு.