மலையகத்தில் இருந்து ஒன்லைனில் வாங்க எந்த மாதம் நல்லது?

ஹட்டன் பக்கம் இருக்கிறீர்கள், ரைஸ் குக்கர், மழைக்கோட்டு, தீபாவளி உடுப்பு வாங்க வேண்டும், எப்போது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

குக்கர் மாதிரி மின்சாதனங்களுக்கு நவம்பர் 11 தள்ளுபடி விற்பனை. சீனாவில் 2009இல் அலிபாபா தொடங்கிய இந்த விற்பனை இங்கே டராஸ் என்ற ஒன்லைன் சந்தையிலும் நடக்கிறது. தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் வாங்குபவர்களுக்கு அது மறுநாளே வருவது வசதி.

ஆனால் விலையைச் செப்டம்பரிலேயே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நான் பார்த்து வைத்திருந்த குக்கர் ஒக்டோபரில் 8,900 ரூபாய். விற்பனை நாளில் அந்தக் கடை 14,000 என்று எழுதி, அதை வெட்டி, 8,500 என்று போட்டிருந்தது. உண்மையில் குறைந்தது 400 ரூபாய்தான். கூரியர் காசுக்கே அது காணாது. அதனால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே கடையில் ஓடர் போட முடியுமா என்று பாருங்கள்.

தீபாவளி உடுப்புக்கு நவம்பர் விற்பனையை நம்ப வேண்டாம். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20. இரண்டு வருடமும் பண்டிகை முடிந்த பிறகுதான் தள்ளுபடி வந்தது. மூன்று வாரம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள், அளவு சரியில்லை என்றால் மாற்றவும் நேரம் வேண்டும்.

மழைக்கோட்டா? பெப்ரவரி, மார்ச். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிய பிறகு எல்லாரும் தேடுவார்கள், அப்புறம் பிள்ளையின் அளவு கிடைக்காது.