பெற்றோல் முள் பொய் சொன்னால் பம்பையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: சென்ற ஆண்டு பாவித்த சிறிய ஜப்பான் கார் ஒன்று வாங்கினேன். தாங்கியை நிரப்பினால் முள் ஒழுங்காக ஏறுகிறது. அரைவாசிக்கு வந்ததும் திடீரென அடியில் விழுகிறது. சிறிது தூரம் ஓடியதும் மீண்டும் எழும்புகிறது. போன மாதம் கால்வாசி காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆனையிறவில் கார் நின்றுவிட்டது. கராஜில் பம்புடன் சேர்த்து முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா ஐயா?
– வாசகி, கொடிகாமம்

பதில்: அவசரப்படாதீர்கள். கடிதத்தில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. ஆனையிறவில் நின்ற கார், பெற்றோல் ஊற்றிய பிறகு ஓடியதா? அல்லது கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் ஒன்றும் ஊற்றாமலே ஓடியதா? ஊற்றிய பிறகுதான் ஓடியது என்றால் பம்பைக் குறை சொல்லக் காரணம் இல்லை, முள்தான் ஏமாற்றியிருக்கிறது. ஆறியதும் தானாக ஓடியது என்றால் பம்பைச் சோதிக்கத்தான் வேண்டும்.

தாங்கிக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் மெல்லிய கம்பிக் கை, கையின் மறுமுனையில் ஒரு சிறு தொடுமுனை. நகத்தளவு கரிய தகட்டில் மயிரிழை போன்ற கோடுகள் இருக்கும். தொடுமுனை அவற்றின் மேல் ஊர்ந்து மின்தடையைக் கூட்டிக் குறைக்கிறது. முள் படிப்பது அந்தத் தடையைத்தான். நாம் பெரும்பாலும் தாங்கியை நிரப்புவதும் இல்லை, வற்ற விடுவதும் இல்லை. ஆகவே தகட்டின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் தொடர்பு அறும்போது முள் விழும்; அந்த இடத்தைக் கடந்ததும் எழும்பும். உங்கள் காரின் அரைவாசிக் கோளாறுக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். வற்றிய தாங்கிக்குக் கால்வாசி காட்டியது வேறு கதை: கை வளைந்திருக்கலாம், அல்லது எங்காவது முட்டி முழுவதுமாக இறங்காமல் இருக்கலாம். முன்பு யாராவது பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பல ஜப்பான் கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் வட்டமான தகர மூடி தெரியும். அதன் கீழே வயர் இணைப்பு. முதலில் அந்த இணைப்பையும் எர்த் வயர் உடலில் பிடித்திருக்கும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் அங்கே பச்சை பூத்திருப்பது புதுமையல்ல; சுத்தம் செய்து இறுக்கினாலே சில கார்கள் சரியாகிவிடும். சரிவரவில்லை என்றால் மிதவைப் பகுதியை வெளியே எடுத்து, மல்டிமீற்றரை மாட்டி, கையை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். மீற்றர் காட்டும் தடை (ஓம்) சீராக ஏறி இறங்கினால் அது நல்ல சாமான். கோளாறு வயரிலோ டாஷ்போர்ட்டிலோ இருக்கிறது. நடுவில் அறுந்து துள்ளினால் அதுவே குற்றவாளி. இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்பை மாற்றச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தாங்கி நிறைந்திருக்கும்போது திறக்கக் கூடாது, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும், மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும். பழைய வளையத்தையே மாட்டிவிட்டால் காருக்குள் பெற்றோல் மணக்கும்.

பல மாதிரிகளுக்கு மிதவைப் பகுதி தனியாகவே கிடைக்கிறது. வாங்கும்போது மாதிரியின் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் இலக்கத்தைக் கொடுங்கள். ஒரே பெயருள்ள காரில் நான்கு சக்கர இழுவை உள்ளதற்குத் தாங்கியின் வடிவமே வேறாக இருக்கலாம். சிலவற்றில் இரண்டு மிதவைகள். பொருந்தாததைப் போட்டால் புதிய சாமானும் பொய்தான் சொல்லும். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானையும் கையோடு கொண்டுபோங்கள்.

அதுவரை கிலோமீற்றர்தான் உங்கள் முள். பெற்றோல் செட்டின் பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். லீற்றருக்கு 14 கிலோமீற்றர், தாங்கி 35 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 7 லீற்றரை ஒதுக்கிவிட்டு 390 கிலோமீற்றருக்குள் செட்டுக்குப் போய்விட வேண்டும். கொடிகாமத்திலிருந்து வவுனியா போய் வர சுமார் 240 கிலோமீற்றர்தான்; அதற்கு இது தாராளம். பெற்றோல் குறைந்தால் எரியும் விளக்கை நம்பி இருக்க வேண்டாம், பல கார்களில் அதுவும் இதே மிதவையின் பேச்சைத்தான் கேட்கிறது. தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெற்றோல்தான் என்பதால், அடிக்கடி வற்ற விட்டால் இன்று நன்றாக இருக்கும் பம்பும் பழுதாகும்.

கேள்வி: ஒரே தொகைக்கு ஒரு செட்டில் அடித்தால் முள் குறைவாகவும், இன்னொன்றில் அடித்தால் கூடவும் ஏறுகிறது. அளவில் ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முள்ளை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. கார் சற்றுச் சாய்ந்து நின்றாலே அது மாறும் (யாழ்ப்பாணத்தில் மேடு இல்லை என்றாலும், செட் வாசலில் சரிவு உண்டு). ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கை இரண்டு செட்டுகளுக்கும் தனித்தனியே சில தடவைகள் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் நிலையாக இருந்தால் பற்றுச்சீட்டுகளுடன் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் முறையிடுங்கள். பம்புகளைச் சோதித்து முத்திரை இடுவது அவர்கள்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திலும் சொல்லலாம்.