ஆபரேஷன் சம்மதப் படிவம்: யார் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த வாரம் லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும்) ஆபரேஷன். அட்வான்ஸ் கட்டும்போதே ஆங்கிலப் படிவம் ஒன்றில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பாதி இடம் நிரப்பாமல் இருந்தது. இது சரியா?

மருத்துவர் பதில்: சரியில்லை. அந்தப் படிவத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் அப்பா. அவர் நினைவோடு, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும்வரை நீங்கள் வெறும் சாட்சிதான்.

சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்பது தீர்ப்பு.

‘எல்லா ஆபத்துகளும் விளக்கப்பட்டன’ என்று அச்சடித்த வரியால் யாருக்கும் பயனில்லை, நாளைக்கு வழக்கு வந்தால் டாக்டருக்கும்கூட. என்ன பேசினோம் என்பது கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில்) இருக்க வேண்டும். ஏறக்குறைய இப்படி:

“மாலை 5.10. நோயாளியிடம் மகன் முன்னிலையில் தமிழில் பேசினேன். கேமரா வழியாக முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்றேன். பித்தநாளக் காயம் ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்கு. ரத்தக்கசிவு, சீழ் பற்றியும் சொன்னேன். செய்யாவிட்டால் வலி திரும்பலாம், மஞ்சள் காமாலை, கணைய அழற்சி வரலாம். சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். புரிந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார். சம்மதம்.” கீழே டாக்டரின் பெயர், கையெழுத்து, தேதி.

‘தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார்’ என்ற வரிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. ‘புரிஞ்சுதா?’ என்றால் யாரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுல கேட்டா என்ன ஆபரேஷன்னு சொல்வீங்க?’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும். டாக்டர் கேட்காவிட்டால், அப்பாவையே சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

மயக்க மருந்துக்குத் தனிப் படிவம் இருக்க வேண்டும். அதை விளக்க வேண்டியவர் மயக்க மருந்து டாக்டர். ரத்தம் ஏற்றும் தேவை வரலாம் என்றால் அதற்கும் தனி. மயக்கம் தரும் ஊசி போட்ட பிறகு வாங்கும் கையெழுத்தை நம்ப முடியாது; முதல் நாளே முடித்துவிடுங்கள். அப்பா கைரேகை வைப்பவரானால் படித்துக் காட்டியவரின் பெயரும், மருத்துவமனையைச் சேராத ஒரு சாட்சியும் தேவை. படிவத்தில் அடித்துத் திருத்திய இடத்தில் டாக்டரும் அப்பாவும் சுருக்கொப்பம் இட வேண்டும். நிரப்பாத இடத்தில் கோடு கிழித்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் அவர் மறுக்கலாம். நகல் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள்: 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும்.