கந்தோரும் வட்டவிதானையும்

ஐயா, நான் கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டதாரி. வருடக்கணக்காகக் காத்திருந்து அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்தது. ஊரில் நல்ல மரியாதை. ஆனால் கந்தோரில் எனக்கென்று வேலை இல்லை. காலையில் கையெழுத்து வைத்தால் பின்னேரம் வரை போன்தான். சந்தோசமே இல்லை. விட்டுவிட்டுக் கத்தார் போகட்டுமா? விட்டால் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்கிறார்கள் வீட்டில்.
கே., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

கலியாணப் பேச்சை விடுங்கள். உத்தியோகத்தைப் பார்த்து வருகிற சம்பந்தம் உத்தியோகத்தோடே போகட்டும்.

கொஞ்ச நாளாகவே என் மாமாவை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் அங்கேதான் கொண்டுபோய் விட்டது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு அவர் வட்டவிதானை, வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டு விடுகிறவர். கமக்காரர்கள் கூட்டத்தில் தெரிவுசெய்த பதவி. மாதச் சம்பளம் கிடையாது, அறுவடை முடிந்தால் ஏக்கர் கணக்கில் நெல் கொடுப்பார்கள். யாருக்கு எந்த இரவு தண்ணீர் என்று பென்சிலால் எழுதிய கொப்பியொன்று, பொலித்தீனில் சுற்றி, சாரன் மடியிலேயே இருக்கும். நடுச்சாமத்தில் படலையில் குரல் கேட்கும்: "விதானையார், என்ட கடைசி வரவைக்குத் தண்ணி ஏறல்ல!" மாமி ஏசுவா. மாமா டோர்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, சேற்றுக்காலோடு திண்ணையில் இருந்து, தூங்குகிற எங்களையும் எழுப்பி, "ஏறிட்டுது" என்று சொல்லுவார்.

லண்டனில் 1985இல் மைக்கேல் மார்மட் குழுவினர் 10,308 அரச ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கே இதய நோய் கூட வந்தது. தன் வேலையில் எதையும் தானே தீர்மானிக்க முடியாமல் இருப்பது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டுப் பதவி உயர்வுக்கு ஓடச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறு. மாமா எந்தப் படியிலும் இல்லை. ஆனால் வாய்க்காலை மறிப்பதும் திறப்பதும் அவர் கையில் இருந்தது. அவர் போகாவிட்டால் ஒருவருடைய பயிர் வாடும். உங்களுக்கு இல்லாதது அதுதான் தம்பி, பதவி அல்ல. நீங்கள் நாளைக்கு வராவிட்டால் யாருக்கு என்ன குறையும்?

கோபமும் வருகிறது. உங்கள் கந்தோர் வாங்கிலே ஒரு வயதான அம்மா, கையில் படிவத்தோடு, எந்த மேசைக்குப் போவதென்று தெரியாமல் இருப்பா. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எழும்பிப்போய் அதை நிரப்பிக் கொடுக்க யாருடைய உத்தரவு வேண்டும்? பட்டம் எதற்குப் படித்தீர்கள்? செய்து பாருங்கள். அடுத்த கிழமை அவ பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு உங்களைப் பேர் சொல்லி விசாரித்து வருவா.

கத்தாரா இங்கேயா என்று அதற்குப் பிறகு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.