சிறுநீரகம் பழுதடைந்த அம்மாவுக்கு இப்போது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடலாமா?

அம்மாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) நான்கைத் தாண்டிவிட்டது, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை, இந்த நிலையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி உடம்பைப் படுத்துமோ என்று அஞ்சிக் கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் பதில். நான் ஆறு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவன். உங்கள் அம்மா இருக்கும் இதே கட்டத்தில் என் மருத்துவரும் இந்த ஊசியை எழுதிக்கொடுத்தார். விழுங்குகிற மாத்திரைகள் போதாதா என்று அந்தச் சீட்டைக் கோப்புக்குள் செருகி வைத்தேன். டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் அதை வெளியே எடுத்தேன்.

சிறுநீரகம் தளரத் தளர உடலின் எதிர்ப்பாற்றலும் மங்குவதால், ஊசி எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு அதன் பலனும் குறைகிறது. உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மைக்ரோகிராம் வீதம் மூன்று தவணை போதும். எனக்கோ 40 மைக்ரோகிராம் வீதம், முதல் ஊசி, பிறகு 1, 2, 6 ஆம் மாதங்கள் என நான்கு தவணை போட்டார்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்து ஏறுவதற்கு முன்பாகவே, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் வழி) இல்லாத வலது தோளில் போடுவார்கள். இரண்டு நாள் தோள் கடுத்தது, ஓர் இரவு மட்டும் உடம்பு லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். இந்த ஊசியில் இருப்பது கிருமியின் மேற்புறப் புரதம் மட்டுமே என்பதால், ஊசியாலேயே காமாலை வந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

நான்கும் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்த்தார்கள். குறைந்தது 10 இருந்தால்தான் பாதுகாப்பு. எனக்கு வந்தது 4. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கோப்புக்குள் கிடந்த பழைய சீட்டை நினைத்து மிகவும் வருந்தினேன். நான்கு தவணையையும் மறுபடி போட்ட பிறகே 68 வந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஊசி போட்டதோடு நிறுத்திவிடாமல் இந்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். 10க்குக் கீழே இறங்கினால் இன்னொரு ஊசி தேவைப்படும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத் துளியிலும் ஏழு நாள்வரை உயிரோடு இருக்கக்கூடியது. எங்கள் மையத்தில் அந்தத் தொற்று உள்ளவர்களுக்குத் தனி அறையும் தனி இயந்திரமும் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து போனதும் செவிலியர் நாற்காலியின் கைப்பிடியைக்கூட விடாமல் கிருமிநாசினியால் துடைக்கிறார். அத்தனை செய்தும் பலருடைய ரத்தம் புழங்கும் இடம் அது.

அம்மாவுக்கு எந்தக் கையில் ஃபிஸ்டுலா வைக்கப்போகிறார்கள் என்று இப்போதே கேட்டு, மற்றத் தோளில் ஊசி போடச் சொல்லுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் எண்ணம் இருந்தால், வேறு எந்தெந்தத் தடுப்பூசிகளை முன்னதாகவே முடிக்க வேண்டும் என்றும் அதே சந்திப்பில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு பொதுவாகப் போடமாட்டார்கள்.