பதில்: போட்டி முடிந்ததும் அறிவியல் மன்றம் காலியாகிவிடுகிறது

ரோபோ போட்டி முடிந்ததும் பிள்ளைகள் வருவதில்லை, "இதனால யாருக்கு என்ன பயன்?" என்று ஒரு மாணவி கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள் சார், மன்றத்துக்கு அவள்தான் வேண்டும்.

சொற்பொழிவெல்லாம் வேண்டாம். குடிநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதலில் டிடிஎஸ் மீட்டர். அது அளப்பது நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை மட்டும்தான். கரைந்த உப்பு தெரியும், கிருமி தெரியாது. நல்ல எண் வந்துவிட்டதென்று அவர்கள் குதிக்கும்போது, அதே நீரை ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் புட்டியில் ஊற்றி மூடி வையுங்கள். ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! (கறுத்த புட்டியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது.) அதன்பின் ஆய்வகச் சோதனை கேட்டு உள்ளாட்சிக்கு மனு எழுதுவதும் அவர்களே செய்யட்டும். எனக்கு அதுதான் பாதி அறிவியல்.

கணினிப் பிரியர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேர்த்து வரையக்கூடிய இலவச இணைய வரைபடம். 2010 ஹெய்தி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தின. போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை, அது ஒரு பக்கம் நடக்கட்டும்.